ஒன்பது பேருக்கு ஒரு முகம்

மாணவர் விடுதியில் கூட்டித் துடைப்பவன் நான். நாலு மாடி, மாடிக்கு இரண்டு வரிசைக் குளியலறை, கீழே சாப்பாட்டுக் கூடம், அதன் பின்னால் துணி தேய்க்கும் அறை. அந்தத் தேய்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வைத்துத்தான் என் முகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அரசாங்கம் இணையத்தில் இலவசமாகப் படிப்பு நடத்துகிறது. கைப்பேசி இருந்தால் யார் வேண்டுமானாலும் சேரலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் பாடம் உண்டு, பட்டம் படிக்கிறவனுக்கும் பாடம் உண்டு. மாணவர்கள் எல்லோரும் அதில் இரண்டு பாடமாவது முடித்தாக வேண்டும், முடிக்காதவர்கள் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவிப்பு வைத்தது. பசை தடவி அதை ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியவன் நான்தான். மறுநாளே மூன்றாம் மாடியில் அதற்கு மீசை வரைந்திருந்தார்கள்.

"அரசாங்கம் குடுக்கிற பாடம், அரசாங்க ஆஸ்பத்திரியில குடுக்கிற மாத்திரை மாதிரிடா. எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை" என்றான் மந்திரி. மூன்றாம் மாடியில் எல்லோரையும் ஆட்டி வைக்கிறவன் அவன். உத்தரவு போடுவான், தானாக ஒரு வேலையும் செய்ய மாட்டான். அதனால் அந்தப் பெயர்.

பாடத்தை ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முடியவில்லை. சேரும்போது யார் முகத்தைப் பதிந்தோமோ அந்த முகம் கைப்பேசிக்கு முன்னால் இருந்தால்தான் பாடம் ஓடும். நடுநடுவே நின்று, "தலையை இடப்பக்கம் திருப்புங்கள்" என்று சொல்லும். திருப்பினால் மேலே போகும். திருப்ப ஆள் இல்லையென்றால் அந்தப் பாடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மேசையில் தலையைச் சாய்த்த பையன்கள் எழுந்து பார்த்தால் வாத்தியார் மறுபடி வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். கெட்ட வார்த்தைகளால் மாடியே நாறும்.

வழி கண்டுபிடித்தவன் சின்னவன்.

சின்னவன் என் மனைவியின் தம்பி. மந்திரியின் அறையில் இருந்தான். அவன் என் மச்சினன் என்பது விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கே என்னை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு போனான்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"இங்க என்னைத் தெரியாத மாதிரி இருந்துடுங்க. நானும் உங்களை அண்ணேன்னே கூப்பிடறேன், எல்லாரும் கூப்பிடற மாதிரி."

"சரி" என்றேன். அப்போதே, "அண்ணே, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் மூணாவது மாடிக்குத் தூக்குங்க" என்று உரக்கச் சொன்னான். தூக்கினேன். அவனைப் படிக்க வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் பிடிவாதம். அப்பா அம்மா இல்லாத பையன், அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவன் பட்டம் வாங்கினால் எங்கள் வீட்டுக்கே விடிந்துவிடும் என்று நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

ஒரு மத்தியானம் குளியலறை தேய்த்துவிட்டு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மந்திரி வந்தான். பின்னால் சின்னவன், இன்னும் சில பேர்.

"அண்ணே, உங்க மூஞ்சி சும்மாதானே இருக்கு?" என்றான் மந்திரி.

"எது?"

"மூஞ்சிண்ணே. மத்தியானம் சாப்பிட்டதுக்கப்புறம் அதுக்கு வேலை ஒண்ணும் இல்லையே? எங்களுக்குக் குடுங்க."

சின்னவன் விளக்கினான். பதிவு செய்யும்போது என் முகத்தைக் காட்டிவிடுவார்கள். பெயரும் எண்ணும் அவர்களுடையது, முகம் மட்டும் என்னுடையது. மத்தியானத்தில் கைப்பேசிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போவார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும். முதலில் சின்னவன் கணக்கு. அப்புறம் மந்திரி. அப்புறம் மற்றவர்கள். ஒன்பது பேர் ஆனார்கள்.

தேய்க்கும் மேசையில் கைப்பேசிகளை நிறுத்தினார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை என்று தளம் முரண்டு பிடித்ததும், தங்கள் கைக்காசு போட்டு ஒரு பெரிய விளக்கு வாங்கி என் தலைக்கு மேலே மாட்டினார்கள். எத்தனையோ வருடமாக அந்த அறைக்கு விளக்குக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். என் முகத்துக்கு என்றதும் ஒரே நாளில் வந்தது. நாற்காலி வந்தது, டீ வந்தது. ஒன்பது கைப்பேசியும் மாறி மாறி இடப்பக்கம் என்னும், வலப்பக்கம் என்னும். நான் திருப்புவேன். கதவு வழியாகப் பார்த்துவிட்டு எனக்குச் 'சிலை' என்று பெயர் வைத்தார்கள். "சிலையண்ணே, அசையாதீங்க, காக்கா வந்து உக்காரப் போகுது" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வார்டன் ஒருநாள் எட்டிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்து வருதாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எத்தனை பேர் முடிக்கிறார்களோ அத்தனைக்கத்தனை அவருக்கு நல்ல பெயர். தெரிந்துகொள்ள அவருக்கு என்ன வந்தது?

எனக்கும் அது பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில், பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் நான் ஊர் சுற்றிவிட்டு வருவதைப் பார்த்துச் சிரித்து, என் மனைவிதான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். போர்டு படிக்கிற அளவுக்குத்தான். மேசையில் பேசிய வாத்தியார்களின் வாய்க்குக் கீழே அவர்கள் பேசுவது எழுத்தாக ஓடியது. காது முன்னே போகும், கண் பின்னே ஓடும். ஒரு மாதத்தில் இரண்டும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தன. என்ன பாடம் என்று எனக்குப் பாதி விளங்காது. ஆனால் ஒரு வரி முடியும்போது அது முடிந்தது என்று எனக்கே தெரிவதில் ஒரு சுகம் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசிக்காரர்களிடம் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிப் படிக்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்போதுதான் வார்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கூட்டறதுக்கு உங்களை அனுப்பின கம்பெனியோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுய்யா. புதுக் கம்பெனி புது ஆளைக் கொண்டு வரும். பழைய ஆள்ல விடுதிக்கு ஒருத்தரை மட்டும் பல்கலைக்கழகமே நிரந்தரமா எடுத்துக்கும். உதவியாளர் வேலை. சாவி, விளக்கு, தண்ணி மோட்டார் எல்லாம் உன் கையில. கூட்டுறவங்களை மேய்க்கிற வேலை."

"எனக்காய்யா?"

"வேற யாரு, நீதான் பழைய ஆளு. ஆனா அடிப்படைக் கல்வி முடிச்சவன்னு காட்டணும். பள்ளிக்கூடம் போயிருக்கியா?"

"பெயின்ட் அடிக்கப் போயிருக்கேன்."

"அதுக்கும் இந்த இணையத்துலயே ஒரு பாடம் இருக்காம். மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடு. முடிக்கலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல. கம்பெனிக்காரனோட நீயும் கிளம்ப வேண்டியதுதான்."

என் முதுகு இரண்டு வருடமாகச் சரியில்லை. வாளியைத் தூக்கினால் இடுப்புக்குக் கீழே ஒரு கால் மரத்துப்போகிறது. புதுக் கம்பெனிக்காரன் என்னை நடக்கவிட்டுப் பார்த்தாலே வேண்டாம் என்றுவிடுவான். ஆகவே இந்த வேலை வந்தால் நான் பிழைத்தேன், வராவிட்டால் ஒழிந்தேன்.

அன்றைக்கே மாணவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போன பிறகு, அதே விளக்கின் கீழே, அதே நாற்காலியில், என் சொந்தக் கைப்பேசியை எதிரே சாய்த்தேன். பெயரைத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தப்பில்லாமல் தட்டினேன். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். கொஞ்சம் சுற்றியது. பிறகு சின்னவனின் முழுப்பெயரைச் சொல்லி, "மீண்டும் நல்வரவு!" என்றது. கீழே சிவப்பு எழுத்தில்: இந்த முகம் ஏற்கெனவே பதிவில் உள்ளது. புதிய கணக்கு தொடங்க இயலாது.

மறுபடி காட்டினேன். மறுபடியும் நான் சின்னவன்தான்.

வீட்டுக்குப் போய் மீசையை எடுத்தேன். இருபது வருட மீசை. மனைவி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு நீங்க? வீடு மாறி வந்துட்டீங்களா?"

"எப்படி இருக்கு?"

"உரிச்ச கோழி மாதிரி இருக்கு" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தளம் சிரிக்கவில்லை. மீசை இல்லாத சின்னவனையும் அது அடையாளம் கண்டுகொண்டது.

மறுநாள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். பாவம், பொறுமைசாலி.

"ஒரே முகத்துல நிறைய கணக்கு இருக்குதுங்க. ஒரே முகம் வேற கணக்குலயும் இருக்கான்னு பாக்குற இந்தச் சோதனை போன மாசம்தான் வந்துச்சு. பழைய கணக்கை நாங்களா தோண்ட மாட்டோம். நீங்க சொன்னாதான் பாப்போம்."

"என்னன்னு சொல்லணும்மா?"

"அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழ 'இது என் முகம்'னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துனா உங்க முகம் உங்களுக்கு வந்துடும். அந்த முகத்துல இருக்கிற மத்த கணக்கெல்லாம் மூடிடும். யார் யார் கணக்குன்னு அவங்க கல்லூரிக்குத் தகவல் போகும்."

"தகவல் போனா?"

"அது கல்லூரி விஷயங்க. இந்த வருஷம் பரீட்சை எழுத விட மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"அவங்க முடிச்சதுக்கப்புறம் என் முகத்தை விட்டுடச் சொன்னா?"

"முடிவு வர்ற வரைக்கும் முகத்தை மாத்த முடியாதுங்க. முடிவு அடுத்த மாசம்தான் வரும்."

என் கெடு இந்த மாசம்.

மந்திரியிடம் போனேன். கட்டிலில் படுத்து, கால்மேல் கால் போட்டு, கடலைத் தோலைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் பெருக்கிய தரை. விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தான்.

"பாடமா? நீங்களா? எதுக்குண்ணே?"

"நிரந்தர வேலைக்குத் தம்பி."

"அடேய், சிலைக்கு உயிர் வந்துடுச்சுடா!" என்று அறைக்கு வெளியே கத்தினான். நாலைந்து பேர் வந்து நின்றார்கள். "சிலையண்ணன் படிக்கப் போறாராம். நம்ம கூட உக்காந்து பட்டம் வாங்குவாரு போலிருக்கு. அண்ணே, அங்கி போட்டுக்கிட்டு வாளியோட நின்னா நல்லாத்தான் இருக்கும்."

சிரித்து முடிக்கும்வரை நின்றேன். "தம்பிகளா, யாராவது ஆபீஸ்ல போய்ச் சொன்னா வேற வழி ஏதாவது பண்ணுவாங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது? வேற ஆள் மூஞ்சியை வெச்சு ஏமாத்தினோம்னா?" மந்திரியின் குரல் மாறியது. "அண்ணே, டீ குடிச்சீங்கல்ல? விளக்கு போட்டுக் குடுத்தோம்ல? ஏமாத்தினது நாங்க மட்டும் இல்ல, நீங்களும்தான். மூஞ்சி உங்களுது. முதல்ல மாட்டுறது நீங்கதான்."

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். திரும்பவே இல்லை.

அந்த வாரம் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கேட்டேன். அவன் தட்டில் இருந்து தலையை எடுக்காமல் பேசினான்.

"மாமா, யோசிச்சுப் பாருங்க. எனக்கு இது ஒரு வருஷம். உங்களுக்கு என்ன? விளக்குமாறு எந்தக் கம்பெனியில பிடிச்சாலும் விளக்குமாறுதானே?"

"முதுகு போயிடுச்சுடா."

"அப்ப உதவியாளர் வேலை மட்டும் எப்படிப் பாப்பீங்க?"

மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"நீங்க அதையெல்லாம் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். "போர்டு படிக்கத் தெரியுதுல்ல? போதும்."

"வேலை போயிடும்டீ."

"போனா வேற பாத்துக்கலாம். நான் ரெண்டு வீட்ல கூட பாத்திரம் கழுவறேன். அவன் படிப்பு போனா வராது." சட்டுவத்தைச் சட்டியில் போட்டாள். "அந்தப் பொத்தானைத் தொட்டீங்கன்னா, இந்த வீட்டுல உங்களுக்குப் பொண்டாட்டி இல்லைன்னு வெச்சுக்குங்க."

எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே வாய். நான் எழுந்து கை கழுவினேன். சின்னவன் சாப்பிட்டு முடித்து, என் துண்டில் கை துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

நான் பொத்தானைத் தொடவில்லை. அது உண்மை. அந்த மாதம் பாதிக்கு மேல் போனபிறகும் மத்தியானம் போய் உட்கார்ந்து ஒன்பது கைப்பேசிக்கும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். எப்படியோ ஒரு வழி வரும் என்று நினைத்தேன். வந்தது ஆய்வுக்காரப் பெண்.

பல்கலைக்கழகத்திலேயே மேல்படிப்பு படிக்கிறவள். அரசாங்கத்தின் இணையப் படிப்பைப் பயன்படுத்த மாணவர்களுக்கு எவ்வளவு விருப்பம் இருக்கிறது என்பதுதான் அவள் ஆய்வாம். கணக்கெடுத்துப் பார்த்ததில் எங்கள் மூன்றாம் மாடியில்தான் விருப்பம் பொங்கி வழிகிறதாம். பாதியில் விட்டவர்கள் ஒருத்தர்கூட இல்லை, ஒருநாள்கூடத் தவறவில்லை. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள நேரிலேயே வந்துவிட்டாள். வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார். நான் பக்கத்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தச் சேவையைப் பயன்படுத்துறது உங்களுக்கு எளிதா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப எளிது மேடம்" என்றான் மந்திரி. "கட்டிலை விட்டு இறங்கவே இல்லை."

மேசைக்கு அடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள்.

"படிச்சதனால உங்ககிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா?"

"தூக்கம் நல்லா வருது மேடம்."

"தொடர்ந்து பயன்படுத்துவீங்களா?"

"கண்டிப்பா. சிலையண்ணன் உயிரோட இருக்கிற வரைக்கும்."

கூடமே வெடித்தது. அவளுக்குப் புரியவில்லை. "யாரு அது?" என்றாள். மந்திரிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அண்ணே, இங்க வாங்க" என்று கூப்பிட்டான். ஈரத்துணியோடு போய் நின்றேன். "மேடம், எங்க மாடியிலேயே படிப்புல ரொம்ப விருப்பம் உள்ளவர் இவர்தான். பாருங்க." பிறகு அந்தத் தளத்தின் குரலிலேயே, இழுத்து, "தலையை இடப்பக்கம் திருப்புங்கள்" என்றான்.

திருப்பினேன்.

நான் நினைத்துத் திருப்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. பழகிப்போயிருந்தது.

"வலப்பக்கம்!" என்று இன்னொருவன் கத்தினான். பாதி திரும்பியபிறகுதான் நிறுத்திக்கொண்டேன். மேசையைத் தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னால் அவளும் சிரித்தாள். எல்லோருக்கும் மேலே ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை அவன் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

அவன் அவளுக்கு அருகில் இருந்தான். "யாரு இவரு?" என்று அவனிடம் கேட்டாள்.

"தெரியாது மேடம். கூட்டுறவரு" என்றான் சின்னவன். பிறகு நெற்றிப் பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டினான். "கொஞ்சம் இப்படி."

அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாக, "அண்ணா, உங்களுக்கு இணையத்துல படிக்க விருப்பம் இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

குறிக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். "இதுல மாணவர்களை மட்டும்தான் சேர்க்க முடியும்ணா. கோவிச்சுக்காதீங்க." அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி, "அப்ப எல்லாருக்கும் 'மிகுந்த விருப்பம்'னு போட்டுக்கட்டுமா?" என்றாள். போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

மீதி மேசைகளைத் துடைத்தேன். துணியைப் பிழிந்து காயப்போட்டேன். தேய்க்கும் அறைக்குப் போய் விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, என் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். மீண்டும் நல்வரவு என்று சின்னவனை வரவேற்றது. பொத்தானை அழுத்தினேன். இடப்பக்கம் என்றது, திருப்பினேன். வலப்பக்கம் என்றது, திருப்பினேன். இந்த முகத்தில் உள்ள ஒன்பது கணக்குகள் மூடப்படும், சம்மதமா என்று கேட்டது. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். சம்மதம்.

அழுத்தும்போது மனது கிடந்து தவித்தது என்று எழுதினால் பொய். பசி எடுத்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வார்டன் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்ட! மேல இருந்து விசாரிக்க வர்றாங்க."

"வரட்டுங்கய்யா."

"அந்த அறையில கைப்பேசி வெச்சிருந்தது எனக்குத் தெரியும்னு சொல்லுவியா?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது அவசரம் இல்லை. அவரே பேசினார்.

"உனக்கு விவரம் தெரியாது. பசங்க உன்னைப் பயன்படுத்திக்கிட்டாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது. அப்படித்தானே?"

"காத்து வருதான்னு கேட்டீங்களே, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உன் பாடத்தை ஒழுங்கா முடி. உதவியாளர் வேலைக்கு உன் பேரைத்தான் அனுப்பறேன்" என்றார்.

ஒன்பது பேருக்கும் அந்த வருடம் பரீட்சை இல்லை என்று முடிவானது. விடுதியிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். மந்திரியின் அப்பா கார் வைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு பெட்டியைத் தூக்க என்னைக் கூப்பிட்டார். முதுகு சரியில்லை என்று சொன்னேன். மந்திரியே மூன்று மாடி ஏறி இறங்கினான். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை இறங்கும்போது அவன் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

மாசம் முடிவதற்குள் என் பாடத்தை முடித்தேன். நிரந்தர வேலை வந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி சொன்னதைச் செய்தாள். சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டுத் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். சின்னவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். ஒரே அறை. நான் இருந்த பக்கம் இரண்டு பேரும் திரும்புவதில்லை. ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு அவள் வேலை பார்த்த வீடுகளில் ஒன்று காலி செய்துகொண்டு போனது. ஒருநாள் நான் சட்டை போடும்போது பின்னால் வந்து நின்றாள்.

"புதுக் கம்பெனியில கூட்ட ஆள் எடுக்கிறாங்களாமே."

"எடுக்கிறாங்க."

"அவனைச் சேத்துவிடுங்க. ஒரு வருஷம்தான். அப்புறம் திரும்பப் படிப்பான்."

"எந்த விடுதியில?"

எங்கள் விடுதியில்தான் ஆள் தேவை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு விடுதியிலும் சொல்லிப் பார்த்திருக்கலாம். கம்பெனிக்காரன் நான் சொன்னால் கேட்பான். சொல்லவில்லை.

முதல் நாள் சின்னவன் மாடிப்படிக்குக் கீழே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றான்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். மேல என்கூடப் படிச்சவங்க இன்னும் சில பேர் இருக்காங்க. எனக்குக் கீழ் மாடியா குடுங்க."

"இங்க மாமா யாரும் இல்ல. அண்ணேன்னு கூப்பிடு, எல்லாரும் கூப்பிடற மாதிரி."

வாளியை அவன் காலடியில் வைத்தேன். "மூணாவது மாடி" என்றேன்.

ஏறிப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சிரிப்பு கேட்டது. இந்தத் தடவை அதில் அவன் குரல் இல்லை.

மறுபடி பரீட்சை எழுத வேண்டுமென்றால் அந்த இரண்டு பாடத்தையும் தன் சொந்த முகத்தோடு அவன் முடிக்க வேண்டும். வீட்டில் விளக்கு மங்கல், தளம் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் தேய்க்கும் அறைக்கு வந்து, என் நாற்காலியில், அந்தப் பெரிய விளக்கின் கீழே உட்கார்ந்துகொள்கிறான். ஈரம் காயாத காலோடு உட்கார்ந்து இடமும் வலமும் திருப்புகிறான். கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். சிலை மாதிரித்தான் இருக்கிறது.

நேற்று நான் போனபோது பாடம் முடியும் தறுவாயில் இருந்தது. வாத்தியார் முடிவுரைக்கு வந்துவிட்டார். வேலை நேரம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லா விளக்கையும் அணைத்துப் பூட்ட வேண்டியது உதவியாளரின் பொறுப்பு. அந்த அறைக்கு சுவிட்சு வெளியே இருக்கிறது.

அணைத்தேன்.

"முகம் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு வாருங்கள்" என்றது கைப்பேசி.

"மாமா, இன்னும் கொஞ்சம்தான். முடியப் போகுது" என்றான் இருட்டுக்குள்ளிருந்து.

சாவிக்கொத்தில் அந்த அறையின் சாவியைத் தேடினேன்.

"அண்ணே" என்றான்.

உள்ளே வாத்தியார் மறுபடி வணக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார். "வெளிய வா, பூட்டணும்" என்றேன்.